வேற்றாள் இல்லாத ஒரு படம்

மூன்றாவது ட்ரைபாடையும் விரித்து நிறுத்திவிட்டார். "இது ஒரு கிலோ நூறு கிராம்தான் மேடம், ஒரு தண்ணி பாட்டில் வெயிட்டு" என்கிறார் கடைக்காரர். சட்டையில் பெயர் குத்தியிருப்பதால் ஜெயசீலன் என்று தெரிகிறது. நானும் தூக்கிப் பார்க்கிறேன், லேசுதான், இவ்வளவு லேசாக இருப்பதே ஒரு குற்றம் மாதிரி எனக்குப் படுகிறது. முதல் ட்ரைபாட் கனம் என்றேன். இரண்டாவது குட்டை என்றேன், முழுக்க இழுத்தாலும் என் நெஞ்சுக்குத்தான் வந்தது. இதற்கு என்ன சொல்வது. "காத்துல ஆடுமே" என்கிறேன். பொய்யில்லை, தரங்கம்பாடி கடற்கரைக்குக் கொண்டுபோகிறோம், அங்கே காற்று சும்மா இருக்காது, மணல் வேறு கால் பூட்டுகளுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். அவர் கோபப்படாமல் குனிந்து நடுத்தண்டை மேலே ஏற்றிக் காட்டுகிறார், விரலால் தட்டுகிறார், உச்சி நடுங்குகிறது. இறக்கிவிட்டுத் தட்டுகிறார், நடுங்கவில்லை. "நடுவுல இருக்கறதை மட்டும் ஏத்தாதீங்க மேடம். காலு மூணும் அதுபாட்டுக்கு நிக்கும். நடுவு ஏறுனாத்தான் ஆட்டம்." நடு என்று அவர் சாதாரணமாகச் சொல்கிறார், என் கை மயிர் எழுந்து நிற்கிறது, ஏ.சி. குளிர் என்று நினைத்துக்கொள்கிறேன். "எத்தனை பேரா போறீங்க?" "மூணு பேர்" என்கிறேன்.

மூன்று என்ற சொல்லை நான் வாயால் சொல்வது அபூர்வம். கல்லூரியில் செய்முறை வகுப்புக்குப் பிள்ளைகளைப் பிரித்தால் நாலு நாலாகத்தான் பிரிப்பேன், கடைசியில் மூன்று பேர் மிஞ்சினால் அட்டெண்டர் சொர்ணத்தைக் கூப்பிட்டு நாலாவதாக உட்காரவைப்பேன், அவளும் பாவம் இத்தனை வருஷத்தில் பாதித் தாவரவியல் படித்துவிட்டாள். வீட்டில் மூன்று பேர்தான், நான், சோமு, மகள் நிரஞ்சனா. ஆனால் மூன்று பேரும் சேர்ந்த ஒரு படம் எங்களிடம் இல்லை. இருபத்திரண்டு வருஷமாக இல்லை. கேமரா எப்போதும் என் கையில் இருக்கும், அவர்கள் இருவரும் படத்தில் இருப்பார்கள், அது போதும் என்று விட்டுவிடுவேன். யாராவது நல்ல மனசோடு, "குடுங்க, உங்களையும் சேர்த்து எடுக்கறேன்" என்று வந்தால், பக்கத்தில் போகிறவரைப் பிடித்து எங்களோடு நிற்கவைத்துவிடுவேன். ஊட்டியில் ஒரு வேர்க்கடலைக்காரர். ராமேஸ்வரத்தில் கன்னடம் மட்டும் தெரிந்த ஒரு அம்மாள். நிருவின் பத்தாவது பிறந்தநாளுக்கு கேஸ் சிலிண்டர் போட வந்தவர், சிலிண்டரோடு. "நம்ம குடும்பத்துல நாலாவது ஆளு மட்டும் மாறிக்கிட்டே இருப்பான்" என்று சோமு சிரிப்பார். ஏன் என்று ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா, தெரியவில்லை. போன வாரம் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டே சொன்னார், "வசு, பதினெட்டாந் தேதிக்கு முன்னாடி கடலைப் பாத்துட்டு வந்துருவோம். அங்க ஒரு படம் எடுக்கணும். நாம மூணு பேரும். வேத்தாள் யாரும் இல்லாம."

பதினெட்டாம் தேதி அவர் மண்டையைத் திறக்கிறார்கள். கட்டி எலுமிச்சம்பழ அளவு என்றார் டாக்டர். நூற்றுக்கு எழுபது என்றார். மீதி முப்பதை அவர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை, அது டாக்டர் அறையிலிருந்து எங்கள் பின்னாலேயே வந்து காரில் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டது, இப்போதும் இந்தக் கடைக்குள் எங்கேயோ நிற்கிறது. சோமு கதவோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, ஏதோ லென்ஸின் விளம்பரத் தாளை விசிறியாக மடித்து வைத்திருக்கிறார். கனம் எதையும் அவர் தூக்கக் கூடாது. இதுவரை எந்த ஊருக்குப் போனாலும் என் கேமராப் பையை அவர்தான் தோளில் போட்டுக்கொள்வார், இனிமேல் தூக்குகிறவள் நான் ஒருத்தி, அதனால்தான் லேசான ட்ரைபாட். கால் மணி நேரத்தில் முடிகிற காரியம். ஆனால் ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிட்டால் படம் எடுக்காமல் இருக்கச் சாக்குக் கிடையாது. ஆகவே நான் குறை சொல்லிக்கொண்டிருக்கிறேன், கால் ரப்பர் வழுக்குகிறது, தலை இறுகவில்லை, பூட்டு முறுக்கும்போது விரல் வலிக்கிறது. தாவரவியலில் முனைவர் பட்டம் வாங்கியவள். மூன்று பேராக நின்று படம் எடுத்தால் நடுவில் நிற்பவர் தங்கமாட்டார் என்பதை நம்புகிறாயா என்று யாராவது கேட்டால் இல்லை என்றுதான் சொல்வேன். நம்பாமலே முப்பத்தொன்பது வருஷம் பயந்திருக்கிறேன்.

குளித்தலை ஸ்டூடியோவில் இருந்த ஸ்டாண்ட் மரத்தால் ஆனது. பித்தளைத் திருகுகள், ஆள் உயரம், மேலே கறுப்புத் துணி. அதை நான் முதலில் பார்த்தபோது மூன்று கால் உள்ள யாரோ முக்காடு போட்டுக்கொண்டு நிற்கிறார்கள் என்று நினைத்தேன், இப்போதும் கண்ணை மூடினால் அப்படித்தான் தெரிகிறது, அது எங்களைப் பார்க்கிறது, எங்களை எண்ணுகிறது. பினாங்கில் இருந்த பெரியப்பா தம்பி பிள்ளைகளைப் படத்திலாவது பார்க்க ஆசைப்பட்டார் என்று அப்பா எங்களைக் கூட்டிக்கொண்டு போயிருந்தார். கற்பகம் அக்காவுக்குப் பதினாலு, எனக்குப் பதினொன்று, தங்கை ரேணுவுக்கு ஒன்பது. ஸ்டூடியோக்காரர் எங்களைப் பார்த்துவிட்டு, "பிள்ளைங்க மூணா நிக்குதே, கையில ஒரு பொம்மையைக் குடுத்துரவா?" என்று கேட்டார். அலமாரியில் ஒரு பொம்மை இருந்தது, கண்ணை மூடித் திறக்கிற பொம்மை, ஒரு கண் மட்டும் திறக்காது. மூன்று பேர் வந்தால் கொடுப்பதற்கென்றே வைத்திருந்தார், அதோடு நாலு. அப்பா, "அதெல்லாம் ஒண்ணும் வேணாம், எடுங்க" என்றார். அப்பாவுக்கு அந்த நம்பிக்கையெல்லாம் பிடிக்காது. உயர வரிசைப்படி என்னை நடுவில் நிறுத்தினார்கள். ஓரத்தில் பிளாஸ்டர் தூண் ஒன்று, அதன் தலையில் காகிதப் பூ, அதன் மேல் கை வைத்து நின்றால் எப்படி இருக்கும் என்று நான் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்திருந்தேன். தூண் பக்கம் ரேணு நின்றாள். ஸ்டூடியோக்காரர் துணிக்குள் தலையை விட்டார். அப்புறம் நான் ஓரத்தில் இருக்கிறேன், என் கை தூண் மேல் இருக்கிறது, ரேணு நடுவில் இருக்கிறாள். இடையில் என்ன நடந்தது. நான் தள்ளினேன். தோளைப் பிடித்துத் தள்ளினேன், அவள் தோள் எலும்பு இந்தக் கையில் இப்போதும் இருக்கிறது. ஆனால் அவள் என்னைத் திரும்பிப் பார்த்து ஏதோ சொன்னாள். வாய் அசைகிறது, முன்பல் ஒன்று பாதி முளைத்திருக்கிறது, சத்தம் மட்டும் இல்லை. முப்பத்தொன்பது வருஷமாக அந்த வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். இருபத்திரண்டாம் நாள் மூளைக்காய்ச்சலில் போய்விட்டாள். சாவு வீட்டில் அத்தை அப்பாவைப் பார்த்துக் கத்தினாள், "மூணு பேரா நிக்கவச்சு எடுத்தா நடுவுல நிக்கறது தங்காதுன்னு உனக்குத் தெரியாதாடா?" நான் நெல் குதிருக்குப் பின்னால் உட்கார்ந்து கேட்டேன். நடு என்னுடையது என்று அத்தைக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது.

"மேடம், உங்க கேமராவையே மாட்டிப் பாத்துருவோமா?" ஜெயசீலன் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறார், எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. கொடுக்கிறேன். எட்டு வருஷத்துப் பழைய கேமரா, போனோடெல்லாம் பேசாது, ஓடிப்போய்த்தான் நிற்க வேண்டும், பத்து நொடி கொடுக்கும். ட்ரைபாடின் தலையில் அது டக்கென்று உட்கார்கிறது. திரையை வெளியே இழுத்து எங்கள் பக்கம் திருப்புகிறார், அதில் நானும் அவரும் நிற்கிறோம், பின்னால் சுவரில் பைகள் தொங்குகின்றன. முகம் கண்ட இடத்தில் மஞ்சள் கட்டம் போடுகிற கேமரா அது. என் முகத்தில் ஒரு கட்டம். ஜெயசீலன் முகத்தில் ஒரு கட்டம். அப்புறம் எங்களுக்கு நடுவில், என் இடுப்புக்கு மேலே, தோளுக்குக் கீழே, சின்னதாக ஒரு கட்டம். வருகிறது, போகிறது, வருகிறது. ஒன்பது வயதுப் பிள்ளை நின்றால் முகம் அங்கேதான் வரும். நான் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்ப முடியவில்லை, கழுத்து கேட்கவில்லை. "அது ஒண்ணுமில்ல மேடம்" என்று ஜெயசீலன் சிரிக்கிறார், "பையில ரெண்டு பொத்தானு, ஒரு ஜிப்பு, மூஞ்சின்னு நெனச்சுக்குது. எல்லாக் கேமராவும் இப்படித்தான் ஏமாறும்." பின்னால் போய் அந்தப் பையைக் கழற்றி மேசைக்கடியில் போடுகிறார். கட்டம் போய்விடுகிறது. போனது நல்லதா. போன பிறகு அந்த இடம் முன்பைவிடக் காலியாக இருக்கிறது. பை என்றால் பைதான், பொத்தான் என்றால் பொத்தான்தான், என் மாணவி ஒருத்தி பூஞ்சைக் காளானில் பிள்ளையார் தெரிகிறார் என்றபோது எப்படிக் கேலி செய்தேன். ஆனால் அந்த முகம் என் பக்கம்தான் சாய்ந்திருந்தது. அப்படி எனக்குத் தோன்றியது. கை விரல்கள் குளிர்ந்துபோயிருக்கின்றன, சேலைத் தலைப்பில் சுற்றிக்கொள்கிறேன்.

கடற்கரையில் யார் எங்கே நிற்பது. இதை ஒரு வாரமாக யோசிக்கிறேன், குக்கர் விசில் எண்ணும்போது, விடைத்தாள் திருத்தும்போது, சோமுவின் மாத்திரைகளைப் பெட்டியில் பிரித்துப் போடும்போது. சாதாரணக் குடும்பம் என்றால் பிள்ளை நடுவில் நிற்கும். நிருவா, ஐயோ, வாயில் வரக்கூடாது. சோமு நின்றால் பதினெட்டாம் தேதிக்கு நானே நாள் குறித்துக் கொடுத்த மாதிரி. அப்படியானால் மீதி ஒருத்திதான். கணக்கு நேராக வருகிறது. குளித்தலையில் நான் விட்டுவிட்டு வந்த இடம், அது போகாமல் அங்கேயே நிற்கிறது, முப்பத்தொன்பது வருஷமும் ஆள் இல்லாமல் எனக்காகக் காத்துக்கொண்டு. நான் போய் நின்றுவிட்டால் தீர்ந்தது. இதை நினைக்கும்போது பயமாக இருக்கிறது, அதோடு ஒரு நிம்மதியும் வருகிறது, தலைவலி விட்டபிறகு வருமே அந்த மாதிரி. பத்து நொடி. அழுத்திவிட்டு ஓட வேண்டும், மணலில் கால் புதையும், அவர்கள் இருவரும் ஒட்டி நிற்பார்கள், அவர்களை விலக்கிக்கொண்டு உள்ளே நுழைய வேண்டும். ஆகவே எனக்கு வேண்டியது ஆடாத ட்ரைபாட் அல்ல, உயரமான ட்ரைபாட் அல்ல, கையை எடுத்த உடனே சாயாமல் தன்பாட்டுக்கு நிற்கிற ட்ரைபாட். இது தெரிந்தவுடன் மனசு சட்டென்று தெளிந்துவிடுகிறது. மூன்றிலும் கையை வைத்து வைத்து எடுத்துப் பார்க்கிறேன். கனமானது நிற்கிறது. குட்டையானது மெல்ல முன்னால் தலை கவிழ்கிறது. லேசானது நிற்கிறது, அதன் அடியில் ஒரு கொக்கி இருக்கிறது, அதில் கல்லையோ பையையோ தொங்கவிட்டால் காற்றுக்கும் நிற்கும் என்கிறார் ஜெயசீலன். "இது போதும்" என்கிறேன். சொல்லியாகிவிட்டது. நாற்காலியில் சோமு தலை நிமிர்ந்து பார்க்கிறார்.

நிரு காரை நிறுத்திவிட்டு இப்போதுதான் உள்ளே வருகிறாள். "இன்னும் முடியலையாம்மா? நாலு கார் எடுக்கற நேரத்துக்கு ஒரு ஸ்டாண்டு எடுக்கற." சோமு எழுந்திருக்கிறார், நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு, இப்போதெல்லாம் எழுந்தவுடன் ஒரு கணம் நின்றுவிட்டுத்தான் நடக்கிறார், அந்த ஒரு கணத்தில் என் உயிர் எங்கேயோ போய்விட்டு வரும். "இங்கயே ஒண்ணு எடுத்துப் பாத்துருவோம்" என்கிறார். இங்கேயா. நான் கடலுக்கு என்று நினைத்திருந்தேன், இன்னும் இரண்டு நாள் இருக்கிறது என்று நினைத்திருந்தேன். "நான் அமுக்கறேன் சார், நீங்க நில்லுங்க" என்று ஜெயசீலன் வருகிறார். "நீங்களும் வந்து நில்லுங்களேன்" என்று என் வாய் பழக்கத்தில் சொல்கிறது, முப்பத்தொன்பது வருஷப் பழக்கம், ஆனால் சோமு என்னைப் பார்த்துத் தலையை ஆட்டுகிறார். "வேணாம் வசு. நீயே அமுக்கிட்டு ஓடி வா." ஜெயசீலன் சுவரில் மீதி இருந்த பைகளையும் கழற்றிக்கொண்டு மேசைக்குப் பின்னால் போகிறார். அப்பாவும் மகளும் வெள்ளைச் சுவர் முன்னால் நிற்கிறார்கள், சுவரில் இப்போது பை எதுவும் இல்லை. அவர் சட்டைக் காலரை நிரு சரிசெய்கிறாள். திரையில் இரண்டு கட்டங்கள். நான் பொத்தானை அழுத்துகிறேன், சிவப்பு விளக்கு மெதுவாகச் சிமிட்டத் தொடங்குகிறது, கையை எடுக்கிறேன், ட்ரைபாட் நிற்கிறது, மூன்று கால், கறுப்பு, மேலே ஒற்றைக் கண், அது எண்ணத் தொடங்கிவிட்டது. பத்து, ஒன்பது, மேசை விளிம்பு இடுப்பில் இடிக்கிறது, எட்டு, செருப்பு வழுக்குகிறது, ஏழு, இருவருக்கும் நடுவில் கையை விட்டுப் பிரிக்கிறேன், "அம்மா என்ன பண்ற?" என்கிறாள் நிரு, ஆறு, நுழைந்துவிட்டேன், இடப்பக்கம் அவர், வலப்பக்கம் அவள், என் இடம், வந்துவிட்டேன். ஐந்து, நாலு. ரேணு, வந்துட்டேன்டி. மூன்று. அவர் கை என் தோளில் விழுகிறது, தோள் எலும்பைப் பிடிக்கிறது, அழுத்தமில்லாமல், பூத்தொட்டியை நகர்த்துவது போல என்னை அவர் முன்னாலேயே கடத்தி அந்தப் பக்கம் விடுகிறார், நான் நின்ற இடத்தில் அவர் நிற்கிறார். "நீ ஓரத்துல நில்லு வசு" என்கிறார் காதோரம், சிரித்துக்கொண்டே, "ஓரந்தான் உனக்கு நல்லாருக்கு."

நீ ஓரத்துல நில்லுக்கா. ஓரந்தான் உனக்கு நல்லாருக்கு. பாதி முளைத்த பல்லோடு அந்த வாய் இதைத்தான் சொன்னது. இதைத்தான் சொன்னாள், தூணையே பார்த்துக்கொண்டிருந்த என்னைப் பார்த்துச் சொன்னாள், சொல்லிவிட்டு அவளே வந்து என் தோளைப் பிடித்து நகர்த்தினாள், என் கையில் இருக்கிற எலும்பு அவளுடையது இல்லை, அவள் கை பட்ட என்னுடைய எலும்பு. விளக்கு வேகமாகச் சிமிட்டுகிறது. நான் தடுமாறி இடது கையைப் பக்கத்தில் ஊன்றுகிறேன், பக்கத்தில் ஒன்றும் இல்லை, ஆனாலும் கை விழாமல் ஏதோ ஒன்றின் மேல் நிற்கிறது. திரையில் நிருவுக்கு ஒரு கட்டம், அவருக்கு ஒரு கட்டம், எனக்கு ஒரு கட்டம், என் கைக்கு அடியில், வெறும் சுவரில், சின்னதாக ஒன்று. இந்தத் தடவை அது சிமிட்டவில்லை. கிளிக் என்று சத்தம் கேட்கிறது.

படத்தில் மூன்று பேர்தான் இருக்கிறோம். "அம்மா கையைப் பாரு, கோயில் துவாரபாலகர் மாதிரி" என்று நிரு சிரிக்கிறாள். என் உள்ளங்கை கீழ்நோக்கி, சின்னப்பிள்ளை ஒன்றின் தலைமேல் வைத்த மாதிரி காற்றில் நிற்கிறது. சோமு ரொம்ப நேரம் பார்க்கிறார், படத்தை இல்லை, என் கையை. எனக்கு அழுகை வருகிறது, கடையில் அழக் கூடாது என்று அடக்குகிறேன், பயமாகவும் இருக்கிறது, சந்தோஷமாகவும் இருக்கிறது, இரண்டையும் பிரிக்கத் தெரியவில்லை. ஜெயசீலன் ட்ரைபாடை மடக்கிக்கொண்டே கேட்கிறார், "கார்ல வைக்க நீளப் பை குடுக்கட்டுமா, சின்னப் பையா? இடம் இருக்குமா? எத்தனை பேர்னு சொன்னீங்க மேடம்?"

"நாலு பேர்" என்கிறேன்.

நிரு என்னைத் திரும்பிப் பார்க்கிறாள். சோமு பார்க்கவில்லை. வெளியே வந்து என்னை நிருவுக்குப் பக்கத்து முன்சீட்டில் ஏறச் சொல்லிவிட்டுக் காரின் பின்கதவைத் திறக்கிறார், சீட்டில் கிடந்த குடையையும் மாத்திரைப் பையையும் எடுத்து மடியில் வைத்துக்கொள்கிறார், ஓரமாக நகர்ந்து உட்கார்ந்து பக்கத்தில் ஒரு ஆளுக்கு இடம் விடுகிறார்.